பதிவேடு வண்டிப் படியில் தொடங்கட்டும்

மே மாதம் பாதி கழிந்ததும் காரக்கோணம், குன்னத்துக்கால், தனுவச்சபுரம், பனச்சமூடு பக்கத்து மழலையர் பள்ளிகளில் பெற்றோர் வாயில் ஒரே கேள்விதான். "டீச்சர், பிள்ளைய வண்டியில விடலாமா?" நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "அத ஆபீஸ்ல கேளுங்க." ஆபீசில் தூரத்தையும் மாதக் கட்டணத்தையும் சொல்வார்கள். வண்டி எத்தனை மணிக்கு எந்த முக்கில் நிற்கும் என்றும் சொல்வார்கள். பெற்றோர் கேட்டது அதை அல்ல. மூன்றரை வயதுப் பிள்ளையால் அந்தப் பயணத்தைத் தாங்க முடியுமா என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லப் படித்தவர்கள் நாம்தான். சொல்லாமல் நழுவுபவர்களும் நாம்தான்.

இந்த எல்லைப் பகுதியின் காலை நேரம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு சிக்கலானது என்று விளங்கும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே வீட்டைவிட்டு இறங்கிவிடுவார்கள். காரக்கோணம் மருத்துவக் கல்லூரியில் ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் அம்மாவுக்கு ஏழரை மணிக்குப் பிள்ளையைக் கைபிடித்து நடத்திப் போக நேரம் கிடையாது. அப்பா பல வீடுகளில் வளைகுடாவில். மீதி இருப்பது பாட்டி, அவருக்கு முட்டுவலி. அதனால் மஞ்சள் வண்டி வருகிறது. பாறசாலையின் கே.எல். 19 பதிவெண்ணோடும் வருகிறது, மார்த்தாண்டத்தின் டி.என். 75 பதிவெண்ணோடும் வருகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமும் போய்விட்டன. பிள்ளைகள் மட்டும் இன்றும் இரு பக்கமும் போய் வருகிறார்கள். ஏற்ற இறக்கமான குறுகிய சாலைகள், இருபுறமும் ரப்பர்த் தோட்டம், பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரத்திலேயே கொட்டத் தொடங்கும் மழை. இந்தச் சாலையில்தான் நம் எல்.கே.ஜி. பிள்ளை தன் முதல் தனிப் பயணத்தைச் செய்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டி இருபத்தைந்து இடங்களில் நிற்கிறது. ஒரு சிறு பிள்ளை அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி, அழுது, சமாதானமாகி, பையோடு படியேறி உட்கார ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், நிற்பதற்கே ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஆகிவிடும். ஓடும் நேரம் தனி. முதல் முக்கில் ஏறும் பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் இருக்கும். வந்த வழியே வண்டி திரும்பினால் மாலையில் கடைசியாக இறங்குவதும் அதே பிள்ளைதான். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேர வகுப்பே போதும் என்பது நாம் பாடமாகப் படித்தது. அதில் பாதிக்கும் மேலான நேரத்தை வண்டிக்கே கொடுத்துவிட்டு, "பிள்ளை வகுப்பில் தூங்குகிறது" என்று டைரியில் எழுதி அனுப்புகிறோம்.

இன்னொன்றும் நம்மில் பலர் கண்டதுதான். வண்டியில் மூத்திரம் போய்விடக் கூடாதே என்று வீட்டில் காலையில் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புகிறார்கள். பிள்ளை வாடிப்போய் வந்து இறங்குகிறது. முட்டினால் அடக்கிவைக்கும் திறன் அந்த வயதில் முழுதாக வந்திருப்பதில்லை. அது உடம்பின் வளர்ச்சி. அதட்டி வரவழைக்க முடியாது. உடம்பின் அளவுக்குத் தலை கனமாக இருக்கும் வயது வேறு. டிரைவர் பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் பெரிய பிள்ளை முன்சீட்டைப் பிடித்துக்கொள்ளும், சின்னது தலைகுப்புறப் போகும். ஒரு மீட்டர் உயரம்கூட எட்டாத பிள்ளை வண்டியின் மூக்குக்கு அடியில் நின்றால் டிரைவர் கண்ணுக்குப் படாது. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் ஸ்டினா சாண்டெல்ஸ் 1960களிலேயே சாலையில் சிறு பிள்ளைகளின் திறன் பற்றி ஆய்ந்து எழுதினார். வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் கணிக்கும் திறனை எவ்வளவு பாடம் நடத்தினாலும் சிறு பிள்ளைக்கு முன்கூட்டியே ஊட்டிவிட முடியாது என்பது அவர் முடிவு. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புத் துறை 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பள்ளிப் பேருந்தில் வரும் மழலையர் வயதுப் பிள்ளையை அதன் உடலளவுக்கு ஏற்ற தனிப் பிடிப்பு இருக்கையில் அமர்த்த வேண்டும். ஏழைக் குழந்தைகளுக்காக அங்கே நடக்கும் ஹெட் ஸ்டார்ட் திட்டத்தில், வேறு குறுக்குவழி இருந்தால் பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. டிரைவர் தவிர இன்னொரு பெரியவர் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.

நம்மிடம் விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சாவு இருக்கிறது, அவ்வளவுதான். 2012 ஜூலையில் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது, அந்த ஆண்டே தமிழகத்தில் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் ஆழ்வார்திருநகரில் வண்டியிலிருந்து இறங்கிய இரண்டாம் வகுப்பு மாணவன் பள்ளி வளாகத்துக்குள்ளேயே அதே வண்டியில் அடிபட்டு இறந்தான். முன்னும் பின்னும் கேமரா, பின்பக்கம் உணர்கருவி என்று விதி நீண்டது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இவை பெரும்பாலும் வண்டியைச் சோதிக்கும் விதிகள். தரை, கதவு, பிரேக், கேமரா. ஏறுகிற பிள்ளைக்கு மூன்று வயதா பதின்மூன்று வயதா என்று அவை கேட்பதில்லை. கேரளத்திலோ பன்னிரண்டு வயதுக்குட்பட்ட இருவரை ஓர் இருக்கைக்குக் கணக்கிட இடம் இருக்கிறது. இருபத்தைந்து இருக்கை வண்டியில் ஐம்பது சிறு பிள்ளைகள். பார்த்துக்கொள்ள ஓர் ஆயா.

இந்த இடத்தில் நம் தொழில் கூச வேண்டும். தனியார் மழலையர் பள்ளிகளுக்கான தேசியக் குழந்தை உரிமை ஆணைய வழிகாட்டுதலில் இருபது பிள்ளைக்கு ஓர் ஆசிரியை, ஒரு உதவியாளர் என்று இருக்கிறது. வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை ஓர் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னால் நாம் சம்மதிப்போமா? சுவர் இருக்கிற, தரை ஆடாத அறையில் கூடாது என்று நாம் சொல்வது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைவு திரும்பும் அறையில் எப்படிச் சரியாகிறது?

கரிக்ககத்தை நம் பக்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருவனந்தபுரம் நகரை ஒட்டிய ஊர். 2011 பிப்ரவரியில் மழலையர் பள்ளிக்குப் போன வேன் ஒன்று பார்வதி புத்தனாறு கால்வாயில் கவிழ்ந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகள் இறந்தார்கள், கூட இருந்த ஆயாவும் இறந்தார். வண்டியில் வரும் ஆயாவை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. பள்ளிகளில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர் அவர்தான். காலையில் எல்லோருக்கும் முன்னால் வண்டியேறி மாலையில் எல்லோருக்கும் பின்னால் இறங்குபவர். வாந்தியைத் துடைப்பவர். எந்தப் பயிற்சி வகுப்புக்கும் நாம் அவரை அழைப்பதில்லை. எல்லை ஊர்களில் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம் என்று குழம்பிக் கிடக்கும் பிள்ளை தன் அவசரத்தை எந்த மொழியில் சொன்னாலும் அவருக்குப் புரிய வேண்டும். ஊர்க்காரப் பெண் என்றால் கவலையில்லை. "சர்த்தி (வாந்தி) வருது" என்றாலே பையை எடுத்துவிடுவார். ஆளெடுக்கும்போது இதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

வளைகுடாவில் உறவில்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. அதனால் அல் வக்ராவில் நடந்தது இங்கே வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. 2022 செப்டம்பர் 11. கத்தாரில் கே.ஜி. படித்த மலையாளிப் பெண்குழந்தை. அன்று அவளுக்கு நான்காவது பிறந்தநாள். பள்ளிப் பேருந்தில் தூங்கிப்போனாள். எல்லோரும் இறங்கிவிட்டதாக எண்ணி வண்டியைப் பூட்டிவிட்டார்கள். வெயிலில் மணிக்கணக்காக நின்ற வண்டிக்குள் அவள் இறந்தாள். அந்தப் பள்ளியை மூட அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் உத்தரவிட்டது. பாலைவன நாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. பூட்டிய வண்டிக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே ஏறத்தாழ பத்து டிகிரி சூடு ஏறிவிடும். சிறு பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். மார்ச் மாதத்துப் பாறசாலை வெயிலே போதும்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எல்லோரும் டிரைவரைப் பற்றியும் பூட்டைப் பற்றியும் பேசினார்கள். மழலையர் பள்ளி ஆசிரியருக்கு வேறொரு கேள்வி எழ வேண்டும். வீட்டிலிருந்து வண்டியேறிய பிள்ளை வகுப்பில் இல்லை என்பது எத்தனை நிமிடத்தில் நமக்குத் தெரியும்? நம் பள்ளிகள் பலவற்றில் நிலைமை இதுதான்: வண்டியில் ஆயா ஒரு தாளில் டிக் போடுகிறார், அந்தத் தாள் ஆபீசுக்குப் போகிறது. வகுப்பில் நாம் பதிவேட்டில் ஆப்சென்ட் போடுகிறோம், அது அலமாரிக்குப் போகிறது. இரண்டு தாள்களும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. வராத பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். கேரள மோட்டார் வாகனத் துறையின் வித்யா வாகன் செயலி நல்ல முயற்சி. வண்டி எந்த வளைவில் வருகிறது என்று அம்மாவின் போனில் காட்டிவிடும். கடைசி சீட்டுக்கு அடியில் சுருண்டு தூங்கும் பிள்ளையை அது காட்டாது. அதைக் காட்டக்கூடியது ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு நம் கையில் இருக்கும் பதிவேடு மட்டும்தான்.

அப்படியானால் வண்டியே வேண்டாமா? அப்படிச் சொல்ல நான் தயாரில்லை. வண்டிக்குப் பதில் என்ன வரும் என்று பார்க்க வேண்டும். அப்பாவின் பைக்கில் டேங்க் மேல் உட்கார்ந்து வரும் பிள்ளை, மூன்று பேர் போகும் ஆட்டோவில் எட்டில் ஒன்றாகத் தொங்கும் பிள்ளை, இவர்களைவிட மஞ்சள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பத்திரமாகவே இருக்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரையான பிள்ளையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், நாற்பதுக்கு மேல் வேகம் கூடாது என்ற மத்திய விதி 2023 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. நம் பள்ளி வாசலில் அந்தப் பட்டையைக் கட்டிய ஒரு பைக்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் மூன்று வயதுக்கு என் பதில் வேறு. அருகில் அங்கன்வாடி இருக்கும்போது அந்த வயதில் வண்டி வேண்டாம். நானூறு முதல் எண்ணூறு பேர் வாழும் இடத்துக்கு ஓர் அங்கன்வாடி என்பது கணக்கு. வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இந்த ஊர்களில் பெரும்பாலும் கைபிடித்து நடத்திப் போகும் தூரம்தான். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி என்று கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகள் தூரத்தை வரையறுத்தன. மழலையருக்கு எந்தத் தூரத்தையும் அவை சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பத்து கிலோமீட்டர் தாண்டி டை கட்டிய பிள்ளைகளை அள்ளி வருகிறோம். சேர்க்கைக்கு வரும் அம்மாவிடம் "ஒரு வருஷம் பாலவாடிக்கு அனுப்புங்க, அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லும் தைரியம் தனியார் பள்ளி ஆசிரியைக்கு எளிதில் வராது, நிர்வாகம் முறைக்கும். தெரிந்தே எழுதுகிறேன்.

நான்கு வயதுப் பிள்ளை என்றால் பயண நேரத்தைக் கேட்க வேண்டும். அரை மணிக்குள் என்றால் யோசிக்கலாம். முக்கால் மணியைத் தாண்டினால் தடத்தை மாற்றச் சொல்லி நாமே ஆபீசில் போய் நிற்க வேண்டும். வட்டமாகச் சுற்றும் தடம் என்றால் மாலையிலும் அதே திசையில் வண்டியைச் சுற்றவிட்டாலே போதும். காலையில் முதலில் ஏறிய பிள்ளை மாலையில் முதலில் இறங்கிவிடும். செலவில்லாத மாற்றம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் இருபதைத் தாண்டினால் இரண்டாவது ஆயா வேண்டும். சின்னதுகள் முன்வரிசையில், ஆயாவின் கைக்கெட்டும் தூரத்தில். வண்டி நின்றதும் ஆயா கீழே இறங்கி முன்பக்கம் யாரும் இல்லையென்று பார்த்துக் கையசைத்த பிறகே டிரைவர் கியரைப் போட வேண்டும். பிள்ளையைப் பெற்றுக்கொள்ள ஆள் வரவில்லையென்றால் முக்கில் இறக்கிவிடாமல் பள்ளிக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். தாமதமானதற்காக அந்தப் பாட்டியைத் திட்டக் கூடாது, திட்டினால் மறுநாள் அண்டை வீட்டுப் பத்து வயதுப் பையனை அனுப்புவார்.

கடைசி சீட்டுக்குப் பின்னால் கண்ணாடியில் ஓர் அட்டை தொங்கட்டும். எல்லோரையும் இறக்கியபின் ஆயா உள்ளே கடைசிவரை நடந்து, சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்து, அந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து வகுப்பாசிரியை மேசையில் வைக்க வேண்டும். கூடவே வண்டித் தாளையும். அட்டை வராதவரை நாம் பதிவேட்டை மூடுவதில்லை. தாளில் பெயர் இருந்து வகுப்பில் பிள்ளை இல்லையென்றால் அந்த நிமிடமே வண்டிக்கு ஓட வேண்டும். தாளிலும் இல்லை வகுப்பிலும் இல்லையென்றால் வீட்டுக்குப் போன்.

இந்த ஜூன் முதல் வாரத்தில் மழலையர் வகுப்பு ஆசிரியைகள் ஒருநாள், ஒரே ஒருநாள், முதல் முக்கிலிருந்து வண்டியில் வந்து பாருங்கள். மழை பெய்கிற நாளாக இருந்தால் நல்லது, ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்கும். தண்ணீர் குடிக்காமல் ஏறுங்கள். அன்று மாலை "டீச்சர், பிள்ளைய வண்டியில விடலாமா?" என்று யாராவது கேட்டால் ஆபீசுக்கு அனுப்ப உங்களுக்கு மனம் வராது.