எண்ணும் அலகும்

பொருளின் இயல்பை அறிதற்குக் கருவியாய் நிற்பதைத் தருக்க நூலார் அளவை என்பர். பண்டத்தை நிறுத்தற்கும் நிலத்தை அளத்தற்கும் கருவியாய் நிற்பதையும் நாம் அளவை என்றே வழங்குகின்றோம். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தமை மிகப் பொருத்தமேயாம். அளவை வழுவியவிடத்து அறிவும் வழுவும்.

பொறியியற் றொழிலுக்கு மீற்றர் முறை ஏற்றதோ, அடியும் இறாத்தலுங் கொண்ட பிரித்தானிய முறை ஏற்றதோ என்னும் வினா நெடுங்காலமாக நிலவி வருவது. இம்மலரைப் படிக்கும் மூத்த பழைய மாணவர் பலர் அடியிலும் அங்குலத்திலும் கணக்குப் பயின்றவர். இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவரோ மீற்றரிலும் கிலோகிராமிலும் பயில்பவர். இரு சாராரும் ஒருங்கே கூடும் இடம் இதுவாதலின், இப்பொருள் பற்றிச் சில கூற விரும்புகின்றேன்.

மீற்றர் முறையின் எளிமையை மறுப்பார் இலர். ஒரு ஹெக்ரயர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் 10 கன மீற்றர் நீராகும். மனக்கணக்கே போதும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை எத்தனை கலன் என்று கேட்டாலோ தாளும் பென்சிலும் தேட வேண்டும். எனினும் பழைய முறையைக் கையாண்டோர் அறிவு குறைந்தோர் அல்லர். வினாடிக்கு ஒரு கன அடியாக ஒரு நாள் முழுவதும் பாயும் நீர், ஏறத்தாழ 2 ஏக்கர் அடி ஆகும். நீர்ப்பாசனப் பொறியியலாளர்க்கு இதனினும் வசதியான வாய்பாடு வேறில்லை. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் இன்றும் அடிக்கணக்கிலேயே செய்திகளிற் சொல்லப்படுகின்றது; உழவர்க்கும் அதுவே விளங்குகின்றது.

ஆகவே, தனித்து நோக்கின் இரு முறைகளும் பயன்படத் தக்கனவே. அவை ஒன்றையொன்று சந்திக்கும் எல்லையிலேதான் கேடு விளைகின்றது. இதற்கு உலகறிந்த சான்றுகள் இரண்டு உள.

1983 ஆம் ஆண்டு யூலை 23 ஆந் திகதி, கனடாவில் மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரனுக்குச் சென்ற எயர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம், 41,000 அடி உயரத்திற் பறக்கையில் எரிபொருள் தீர்ந்து போயிற்று. அந்நிறுவனத்தில் மீற்றர் அளவுகளைக் கொண்டு வந்த முதல் விமான வகை அதுவே. எரிபொருள்மானி பழுதுற்றிருந்தமையால் தாங்கியிலிருந்த எண்ணெயைக் கோலிட்டு அளந்து, இலீற்றரை நிறையாக மாற்றினர். வேண்டியது 22,300 கிலோகிராம். பெருக்குதற்கு அவர்கள் எடுத்த எண் 1.77. அஃது ஓர் இலீற்றர் எரிபொருளின் இறாத்தல் நிறை. கிலோகிராமாயின் ஏறத்தாழ 0.8 ஆதல் வேண்டும். இதனால் 20,000 இலீற்றர் அளவில் நிரப்ப வேண்டிய இடத்து 5,000 இலீற்றருக்குஞ் சிறிது குறைவாகவே நிரப்பப்பட்டது. ஒட்டாவாவில் மறுமுறை சோதித்தபோதும் அதே 1.77 ஆற் பெருக்கித் திருப்தியுற்றனர். பெருக்கலிற் பிழையில்லை; அலகிலேதான் பிழை. கப்டன் றொபேட் பியர்சன் மிதவை விமானம் ஓட்டிப் பழகியவராதலால், கிம்லி என்னுமிடத்துப் பழைய விமானப்படைத் தளத்தில் அதனை மிதக்கவிட்டு இறக்கினார். விமானத்திலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர்.

1999 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23 ஆந் திகதி நாசா நிறுவனத்தின் செவ்வாய்க்கோட் காலநிலை ஆய்வுக்கலம் ஒன்று, அக்கோளை அடைந்தவுடனேயே அழிந்தது. கலத்தின் சிற்றுந்திகள் தந்த தள்ளுகையைக் கணித்த ஒரு சாரார் அதனை இறாத்தல் விசையிற் குறித்தனர். அவ்வெண்களைக் கொண்டு பாதை வகுத்த மறுசாரார் அவற்றை நியூற்றன் எனக் கொண்டனர். இரண்டுக்கும் இடையே 4.45 மடங்கு வேறுபாடு உண்டு. செவ்வாயின் மேற்பரப்புக்கு 226 கிலோமீற்றர் உயரத்திற் செல்ல வேண்டிய கலம் 57 கிலோமீற்றர் அளவுக்குத் தாழ்ந்தது. இரு சாராரும் வல்லுநர். எனினும் வெறும் எண் தன் அலகைத் தானே சொல்ல மாட்டாது.

விண்வெளி நமக்குத் தொலைவு எனின், அண்மையிலுள்ள ஒரு கட்டடத்தை நோக்குவோம். பழைய வரைபடத்தில் அரை அங்குலக் கம்பி எனக் குறித்திருக்கும். இன்று கடையிற் கிடைப்பது 12 மில்லிமீற்றர்க் கம்பி. அரை அங்குலமோ 12.7 மில்லிமீற்றர். இவ்வேறுபாடு அற்பம் என்றே கண்ணுக்குத் தோன்றும். ஆயின் கம்பியின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது; பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உருக்கின் தரம் ஒன்றாயிருக்க, எண்ணிக்கையை மாற்றாது கம்பியை மாத்திரம் மாற்றினால் ஏறத்தாழ நூற்றுக்கு 11 வீத உருக்குக் குறைந்துவிடும். 10 கம்பி இருந்த இடத்தில் 12 இடுதல் வேண்டும். இதனை எண்ணிப் பாராதவன் கட்டிய கூரையின் கீழ் உறங்குபவர் யாதும் அறியார்.

பழைய அளவைகளை அடியோடு மறப்பதே பரிகாரம் என்பார் உளர். அஃது இயலாத காரியம். காணி உறுதிகள் பரப்பிலும் பேர்ச்சிலும் எழுதப்பட்டுள்ளன; 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதை அறியாத இளைஞன் தன் பாட்டனாரின் உறுதியைப் படிக்க மாட்டான். நமது அகலப் புகையிரதப் பாதையின் இடைவெளி 5 அடி 6 அங்குலம். 1676 மில்லிமீற்றர் எனப் பெயர் மாற்றினும் தண்டவாளம் நகராது. பழைய பாலத்தையும் அணையையும் பேணுபவன் அவற்றின் மொழியையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எனினும், புதிதாய்ச் செய்யும் வேலை யாவும் மீற்றர் முறையிலேயே நடைபெறல் வேண்டுமென்பது என் துணிபு. 1959 ஆம் ஆண்டு அமெரிக்காவும் பிரித்தானியாவும் உள்ளிட்ட நாடுகள் ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர் என உடன்பட்டன. அன்றுதொட்டு அங்குலமே மீற்றரைச் சார்ந்து நிற்கின்றது. மேலும், பதின்மக் கணக்கு நமக்குப் புதிதன்று. ஒரு ரூபாவுக்கு 100 சதம் என்னும் நாணய முறை 1872 முதல் நம் நாட்டில் உள்ளது. பிரித்தானியர் தம் நாணயத்தைப் பதின்மமாக்கியது 1971 இலேதான். காசை எண்ணுவதில் நூறாண்டு முந்திய நாம், கம்பியை அளப்பதிற் பிந்துவதற்கு நியாயம் இல்லை.

இதற்கு மூன்று நியமங்கள் வேண்டும். ஒரு வரைபடத்தில் ஒரு முறையே வழங்குக. அலகை மாற்ற நேரின் ஒரே இடத்தில் மாற்றி, மாற்றியவர் கையொப்பத்தோடு எழுதி வைக்க. அலகில்லாத எண்ணை யாரிடமிருந்தும் ஏற்கற்க.

மூன்றாவது நியமம் பாடசாலையிலேயே தொடங்கற்பாலது. அலகெழுதாத விடைக்கு அரைப்புள்ளி குறைத்து விடுதல் இன்றைய வழக்கம். இஃது இரக்கம் போலத் தோன்றினும் மாணவனுக்குச் செய்யுந் தீங்கேயாகும். அலகில்லா விடை பாதி விடையுமன்று. அதற்குப் புள்ளியே வழங்கலாகாது. ஆசிரியர் கடுமையானவர் என மாணவர் சில நாள் முணுமுணுப்பர். பின்னொரு நாள் அம்மாணவருள் ஒருவர் பாலம் அமைப்பார். ஒருவர் மருந்தை அளந்து கொடுப்பார். ஒருவர் விமானத்துக்கு எண்ணெய் நிரப்புவார். அன்று புள்ளி குறைப்பதற்கு ஆசிரியர் அருகில் இரார். எனவே, இவ்விழா ஆண்டிலேயே இவ்வழக்கத்தை நம் கல்லூரி தொடங்குமாக. அடியையும் அங்குலத்தையும் அறிந்த மூத்தோர், பழைய வரைபடங்களைப் படிக்கும் முறையை இளையோர்க்குக் கற்பித்து உதவுவாராக.