வயல் உம்மாவின் பெயரில், தண்ணீர் யாருடைய பேச்சில்?

உலர் வலயத்தில் நெல் விளையாமல் போவதற்கு மழை மட்டும் காரணமல்ல. குளத்தில் ஓரளவு தண்ணீர் இருக்கும் வருடத்திலும் வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல் காய்ந்துபோவதுண்டு. யாருக்கு எப்போது தண்ணீர் என்பதை ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் ஒரு கூட்டம் தீர்மானிக்கிறது. அந்தக் கூட்டத்தில் எங்கள் உம்மாமாரும் இருக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

கல்லோயாத் திட்டத்தின் கீழ் வயல் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் எம்மில் பலர் இருக்கிறோம். 1949 இல் வேலை ஆரம்பிக்கப்பட்ட சேனாநாயக்க சமுத்திரம் சுமார் 770,000 ஏக்கர் அடி நீரைத் தாங்கக்கூடிய மிகப் பெரிய நீர்த்தேக்கம். ஆனால் இங்கினியாகலையிலிருந்து புறப்படும் நீர் மேலேயுள்ள வயல்களையெல்லாம் கடந்து, கிளை வாய்க்கால், வயல் வாய்க்கால் என்று பிரிந்து கரையோரத்தை நோக்கி வரும்போது நாங்கள் வாலில் நிற்கிறோம்.

ஆரம்பக் கூட்டம் என்று நாங்கள் சொல்வது இந்தக் கூட்டத்தைத்தான். முதல் தண்ணீர் திறக்கும் திகதி, கடைசித் தண்ணீர் மூடும் திகதி, எத்தனை ஏக்கர் செய்வது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை எப்போது வெளியேற்றுவது என்பனவெல்லாம் அங்கே முடிவாகும். கடந்த சிறுபோகத்தில் எங்கள் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் வந்தபோது சொன்ன திகதியிலிருந்து இரண்டு வாரம் கடந்திருந்தது. இரண்டு வாரம் தானே என்று நினைக்க வேண்டாம். முதல் தண்ணீர் பிந்தினால் உழவு பிந்தும், விதைப்பு பிந்தும். மூடும் திகதி மட்டும் பிந்தாது! கதிர் பறிகின்ற நேரத்தில் வயலில் தண்ணீர் இல்லை, மேலே கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது. பூ கருகி, பாதி பதராகிப் போனது.

ஒரு சின்னக் கணக்கு. இந்நாட்டில் ஒருவர் வருடத்துக்கு 100 கிலோவுக்கு மேல் அரிசி உண்கிறார். ஆறு பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு 600 கிலோவுக்கு மேல் அரிசி, அதாவது ஏறத்தாழ ஒரு தொன் நெல் வேண்டும். மூடைக் கணக்கில் பதினைந்து. எங்கள் இரண்டு ஏக்கரில் நல்ல போகத்தில் அறுபது மூடை வரும். அந்தச் சிறுபோகத்தில் வந்தது இருபத்து நான்கு. உழவு இயந்திரக் கூலி, வெட்டு இயந்திரக் கூலி, பசளைக் கடன் எல்லாம் கொடுத்து முடிந்தபோது வீட்டுக்கு வந்தது ஐந்து மூடை. நெல் விளைவித்த வீடு கடையில் அரிசி வாங்கியது.

இதற்கு இன்னொரு குளம் கட்டுவதுதான் வழி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. 1980களின் ஆரம்பத்தில் இதே கல்லோயாவின் இடதுகரையில், கமநல ஆய்வு பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வேலை செய்தன. ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் கமக்காரர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டிப் பேச வைத்தார்கள். அவர்கள் பல காலம் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைச் சிரமதானமாகத் துப்புரவு செய்தார்கள், முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள், தண்ணீர் குறைந்த போகத்தில் மேலே உள்ளவர்கள் மிச்சம்பிடித்துக் கீழே விட்டார்கள். மேலே சிங்களவர்களும் கீழே தமிழ் பேசுபவர்களும் இருந்த இடங்களிலும் இது நடந்தது. ஸஹீஹுல் புகாரியில் நீர்ப்பங்கீடு பற்றிய பகுதியில், மேல் தோட்டக்காரரான ஸுபைர் (ரழி) அவர்களிடம், தமக்குப் பாய்ச்சிய பின் அண்டை வீட்டாருக்கு நீரை விடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய சம்பவம் வருகிறது. மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் இடையிலான வழக்கு அவ்வளவு பழையது.

சரி, பேசினால் தீரும் என்றால் யார் பேசுவது? கிழக்கிலே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். வசதிப்பட்டவர்கள் வயலும் கொடுப்பார்கள். எங்கள் இரண்டு ஏக்கரும் மூத்தம்மாவிடமிருந்து உம்மாவுக்கு வந்தது. விதைப்புக்குப் பணம் முடையானால் அடகுக்குப் போவதும் உம்மாவின் காப்புதான். ஆனால் உம்மா ஒரு நாளும் ஆரம்பக் கூட்டத்துக்குப் போனதில்லை. வாப்பா போவார், அவருக்கு வேலை இருந்தால் மாமா போவார். வயலைக் குத்தகைக்குக் கொடுத்த பெண்களுக்கோ குத்தகைக்காரர்தான் பேசுகிறார். அவருக்கு இந்தப் போகம் மட்டும்தான் கணக்கு. வாய்க்கால் தூர்ந்தால் அடுத்த வருடம் வேறு வயல் எடுத்துக்கொள்வார்.

பெண்கள் போய் என்ன பேசப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் என் உம்மாவின் கொப்பியைப் பார்க்க வேண்டும். எந்தத் திகதியில் தண்ணீர் வந்தது, எத்தனை மூடை, விதைநெல்லுக்கு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கடன் என்று ஐந்து வருடக் கணக்கு அதில் இருக்கிறது. ஆண்கள் கூடும் இடம் என்று தயங்குபவர்களுக்கும் ஒன்று சொல்வேன். எங்கள் உம்மாமார் வங்கிக்குப் போகிறார்கள், சமுர்த்திக் கூட்டத்துக்குப் போகிறார்கள், பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து கேள்வி கேட்கிறார்கள். அங்கே குறையாத மரியாதை இங்கே குறைந்துவிடுமா? பெண்களுக்கென ஒரு பக்கம் கதிரைகள் போட்டு, பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் காலை நேரத்தில் கூட்டத்தை வைத்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் “வயல் சொந்தக்காரப் பெண்களும் வரவும்” என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும். உம்மா போவதால் சமுத்திரத்தில் ஒரு சொட்டும் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கடைசி வாய்க்காலுக்கு என்று ஒரு திகதியை வாங்கி, எல்லோர் முன்னாலும் எழுதி வைக்கச் செய்யலாம்.

பெரும்போக ஆரம்பக் கூட்டம் நெருங்குகிறது. வாப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவர் சிரித்தார், மறுக்கவில்லை. உம்மா கொப்பியில் தண்ணீர் வந்த திகதிகளை மட்டும் தனித் தாளில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.