அழியாத கரும்பலகை

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான். என் மகளும் அதே வகுப்புத்தான். போன மாதம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் தன் வீட்டுக்குள் போகாமல் எங்கள் வாசற்படியில் பையோடு உட்கார்ந்துவிட்டான்.

“ஏண்டா, வீட்டுக்குப் போகலையா?” என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தவன் கேட்டான்: “மாமா, மிஸ் குரூப்பிலே போட்டதை நாம அழிக்க முடியுமா?”

விஷயம் இதுதான். அன்று பிற்பகல், பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியை ஒரு செய்தி அனுப்பியிருந்தார். கணக்கு வீட்டுப்பாடம் முடிக்காதவர்கள் 7 பேர். வகுப்பில் ஓயாமல் பேசுகிறவர்கள் 3 பேர். இரண்டு பட்டியலிலும் இவன் பெயர் இருந்தது. பையன் வருமுன்பே அவன் குற்றம் வீட்டுக்கு வந்துவிட்டது. அவன் வீட்டுக்கு மட்டுமா? அந்த வகுப்பிலுள்ள 38 வீடுகளுக்கும் வந்துவிட்டது.

அந்தச் செய்தியை நானும் படித்திருந்தேன். என் மகள் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. நிம்மதியாகக் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றிரவு சுவருக்கு அப்பால் அடி விழுந்த சத்தம் கேட்டபோதுதான், என் நிம்மதி எவ்வளவு கேவலமானது என்று எனக்குப் புரிந்தது.

பள்ளிக்கும் வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் படித்த காலத்தில் அது போதாமல்தான் இருந்தது. ஆண்டுக்குச் சில முறை ராங்க் கார்டு வரும், அப்பா கையெழுத்துப் போடுவார், அத்தோடு சரி. பிறகு டைரி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பள்ளிகளை மூடியபோது, கைபேசியே வகுப்பறையாயிற்று. அந்த நாட்களில் இந்தக் குழுக்கள் செய்த உபகாரத்தை மறப்பது நன்றி கெட்டதனம். ஆனால் 2021 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறு வகுப்புகளும் திறந்துவிட்டன. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். குழு மட்டும் கலையவே இல்லை. ஆபத்துக்கு வந்த விருந்தாளி வீட்டு எஜமானனாகிவிட்டான்!

வீட்டுப்பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அது யாருக்குக் கொடுக்கப்படுகிறது? பிள்ளைக்கு. அதைக் காதால் கேட்டு, கரும்பலகையைப் பார்த்து எழுதி, நினைவாக வீடுவரை கொண்டுவருவதே பாதிப் படிப்பு. இன்றோ, “என்னடா வீட்டுப்பாடம்?” என்றால், “அம்மா போனிலே இருக்கு” என்கிறான். பாடம் அம்மாவுடையதாகிவிட்டது. அடுப்படியில் ஒரு கையும் கைபேசியில் ஒரு கையுமாக அவள் நிற்கிறாள். இரவு பத்து மணிக்குத் தெர்மாகோல் வாங்க அப்பா அலைகிறார். வெட்டி ஒட்டுவது அம்மா, மதிப்பெண் பிள்ளைக்கு! ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொல்லியது. அந்தத் தீர்ப்பைப் பாராட்டிய நாமேதான், “இன்று ஏன் ஒன்றும் கொடுக்கவில்லை, மிஸ்?” என்று குழுவில் கேட்கிறோம்.

அடுத்தது, நடத்தை. ‘உங்கள் மகன் சக மாணவனைத் தள்ளிவிட்டான்’ என்று ஒரு தகப்பனிடம் தனியே சொல்வது ஆசிரியரின் கடமை. அதையே 38 வீடுகளுக்குச் சொல்வது என்ன? அந்தக் காலத்தில் பெஞ்சு மேல் ஏற்றினார்கள், அது கொடுமைதான். ஆனாலும் மணி அடித்தால் இறங்கிவிடலாம். கரும்பலகையில் பெயர் எழுதினார்கள். மறுநாள் துணியால் துடைத்தார்கள். இந்தக் கரும்பலகையைத் துடைக்கத் துணி எங்கே இருக்கிறது? ஆசிரியையே அழித்தாலும், படித்தவர்கள் மனத்திலிருந்து யார் அழிப்பது? மறுநாளே, “அந்தப் பையனோடு சேராதே” என்று எத்தனை வீட்டில் உத்தரவு பிறந்திருக்கும்!

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனத்தளவில் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. அடிப்பது நின்றதாகப் பெருமைப்படுகிறோம். நிற்கவில்லை, ஐயா! பிரம்பு வகுப்பிலிருந்து வீட்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. ஆசிரியர் செய்தியை அனுப்புகிறார். தண்டனையைத் தகப்பன் நிறைவேற்றுகிறான்.

ஆசிரியைமேல் மட்டும் பழி போட நான் தயாராக இல்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, இரவு ஒன்பது மணிக்குத் தன் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே எங்கள் குழந்தைகளைப் பற்றிச் செய்தி தட்டுகிறார். ‘இன்று ஒன்றும் அனுப்பவில்லையே’ என்று நிர்வாகம் கேட்கிறது. கட்டணம் கட்டிய நாம் ரசீதுபோல் தினமும் ஒரு செய்தி எதிர்பார்க்கிறோம். திருத்த வேண்டிய நோட்டுகள் ஒருபுறம் குவிந்து கிடக்க, அவர் கணக்கெழுதும் குமாஸ்தாவாகிவிட்டார்.

“நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், செய்தி வராவிட்டால் எப்படித் தெரியும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் எளியது: பிள்ளையைக் கேளுங்கள். மாலையில் பத்து நிமிஷம் அவன் எதிரே உட்கார்ந்து, “இன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேளுங்கள். அவன் மறைப்பான் என்கிறீர்களா? முன்கூட்டியே தீர்ப்பெழுதி வைத்திருக்கும் வீட்டில் எந்தப் பிள்ளைதான் வாய் திறக்கும்?

நான் கேட்பது அதிகமில்லை. வீட்டுப்பாடத்தைப் பிள்ளையே டைரியில் எழுதி வரட்டும். மறந்தால், மறுநாள் ஆசிரியருக்கு அவனே பதில் சொல்லட்டும். விடுமுறை, தேர்வுத் தேதி போன்ற பொதுச் செய்தி மட்டும் குழுவில் வரட்டும். ஒரு பிள்ளையைப் பற்றிய பேச்சு அவன் பெற்றோரிடம், நேரில் நடக்கட்டும். குறை சொல்ல அழைக்கும் ஆசிரியர், நல்லதைச் சொல்லவும் ஒருமுறை அழைக்கட்டும். இவ்வளவுக்கும் புதுச் சட்டம் வேண்டாம். கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதும்.

அந்தப் பையனின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. “வா, உன்னைக் கொண்டு விடுகிறேன்” என்று அவன் வீட்டு வாசல்வரை போய், அங்கேயே திரும்பிவிட்டேன். உள்ளே போய் அவன் தகப்பனாரிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அன்று பேசாததைத்தான் இன்று எழுதியிருக்கிறேன்.