நம்மிடம் திருட என்ன இருக்கிறது?

எங்கள் ஊர் அம்பேத்கர் படிப்பகத்தில் இருப்பது ஒரே ஒரு கணினி. 2012இல் தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கியது. விண்டோஸ் 7, 4 ஜிபி ரேம். இன்றும் ஓடுகிறது. துண்டறிக்கை அடிப்பது, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, தேர்வாணையத் தேர்வுக்குப் பதிவு செய்வது எல்லாம் அதில்தான். அதை மாற்ற வேண்டுமா என்ற பேச்சு போன மாதக் கூட்டத்தில் வந்தபோது மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "ஓடுற வண்டிய எதுக்குத் தம்பி நிறுத்தணும்? நம்மகிட்ட திருட என்ன இருக்கு?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். கணினிப் பாதுகாப்பு பணக்காரர்களின் கவலை என்று விட்டுவிடுகிறோம்.

அன்றிரவு அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். ஆதார் அட்டைகள், சாதிச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், மதிப்பெண் பட்டியல்கள், கடவுச்சொற்களை எழுதி வைத்த ஒரு கோப்பு. பத்தாண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்தவை. இவற்றை வைத்து ஒருவர் பெயரில் இன்னொருவர் கடன் வாங்க முயலலாம். கணக்கில் இருக்கும் உதவித்தொகையைத் துடைக்கப் பார்க்கலாம். வசதி உள்ளவர் பணத்தை இழந்தால் வழக்கறிஞரை வைத்துப் போராடுவார். கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த தொகையை இழந்த பிள்ளை யாரிடம் போகும்? குறைவாக வைத்திருப்பவருக்குத்தான் இழப்பு பெரிது.

விண்டோஸ் 7க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை நம் கணினியில் அடைக்க ஆளில்லை. புதிய பதிப்பில் ஓர் ஓட்டையை அடைத்து அவர்கள் வெளியிடும்போது, அதே ஓட்டை பழையதில் எங்கே இருக்கும் என்று தேடவும் வழி கிடைத்துவிடுகிறது. "ஆன்டிவைரஸ் இருக்கிறதே" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுவர் இடிந்த வீட்டில் வாசலுக்கு மட்டும் காவல் போட்டு என்ன பயன்?

2017 மே மாதம் வான்னாகிரை என்ற தாக்குதல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளை முடக்கியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை, அந்தத் திருத்தத்தைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள். அன்று அவர்களுக்குத் திருத்தமாவது இருந்தது. இன்று நமக்கு அதுவும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? விண்டோஸ் 11 நம் கணினியை ஏற்காது. அது கேட்கும் டிபிஎம் 2.0 சிப்பும் புதிய தலைமுறை புராசஸரும் இதில் இல்லை. நன்றாக ஓடும் கணினியைக் குப்பையாக்குவது அந்த நிறுவனத்தின் வணிகம். அதற்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? கடைக்காரர் 'கிராக்' செய்த விண்டோஸ் 10 போட்டுத் தருகிறேன் என்றார். அதன் ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. போதாக்குறைக்கு, அந்த கிராக்கிலேயே என்ன ஒளிந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

மீதி இருப்பது லினக்ஸ். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியிலும் பாஸ் லினக்ஸ் இருந்தது. நாம்தான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்பு. துண்டறிக்கை வடிவமைக்கும் தோழருக்குப் பேஜ்மேக்கர் வேண்டும். அவருடைய பழைய தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. இருபது ஆண்டு உழைப்பைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனவே இப்படி முடிவெடுத்தோம். முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து அதைக் கழற்றி வைப்பது. பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, பிரின்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது. அதன்பின் அதே கணினியில் லினக்ஸையும் நிறுவுவது. இணைய வேலை எல்லாம் அதில் மட்டும். விண்டோஸ் 7 பேஜ்மேக்கருக்காக இருக்கும். அதில் இணையத்தை அடியோடு துண்டித்துவிடுவது. பிள்ளைகளின் சான்றிதழ்களை விண்ணப்பம் முடிந்த அன்றே கணினியிலிருந்து அழிப்பது. பழையவற்றை உரியவர்களிடம் கொடுத்துவிட்டு, நகலையும் சேர்த்து அழிப்பது.

புது இயங்குதளம் மட்டும் நம்மைக் காப்பாற்றாது. கடைசி இரண்டு பழக்கங்கள் இல்லாவிட்டால் இந்த மாற்றமும் வீண்தான்.

தோழர்களே, உங்கள் படிப்பகத்துக் கணினியிலும் அந்தக் கோப்புறையை ஒருமுறை திறந்து பாருங்கள். நம்மை நம்பி ஒரு தாய் தன் மகளின் சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதைப் பாதுகாப்பதும் இயக்க வேலைதான்.