எங்கள் தட்டு எங்கே?

மேளம் முழங்கிற்று. நாதசுரம் நயமாக ஒலித்தது. வெடிச் சத்தம் விண்ணை முட்டிற்று. பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து புறப்பட்டது ஊர்வலம். முன்னே வெள்ளை வேட்டிகள், பின்னே பட்டுப் புடவைகள், ஏந்திய கைகளிலெல்லாம் தாம்பாளங்கள்! தாய்மாமன் சீரோ, திருமணச் சீரோ என்று வழிப்போக்கர் நின்று பார்த்தனர். இரண்டும் அல்ல. 47 குழந்தைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு ஊரார் கொண்டு சென்ற சீர் அது. கல்விச் சீர்!

அந்தப் பள்ளியில் நான் ஆசிரியை. ஊர்வலத்தைக் கண்டபோது உள்ளம் பூரித்தது உண்மை. கோயிலுக்குக் குடமுழுக்கு என்றால் கொட்டிக் கொடுக்கும் ஊர், கூரை ஒழுகும் பள்ளியைக் கண்டுகொள்ளாத ஊர், இன்று பள்ளியை நாடி வருகிறதே என்று மகிழ்ந்தேன். இரும்பு அலமாரி வந்தது. மின்விசிறி இரண்டு வந்தன. சுவர்க் கடிகாரம் வந்தது. கடிகாரத்தில் மணி தெரிவதற்கு முன்பே கொடுத்தவர் பெயர் தெரிந்தது! மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் மூன்று தலைமுறையின் பெயர்கள். காற்று வந்தால் பெயர் மறையும், பெயர் தெரிந்தால் காற்று வராது! போகட்டும். பெயர் ஆசை பெரிய குற்றம் அல்ல. சிரித்துவிட்டுப் போகலாம்.

சிரிக்க முடியாத ஒன்று அன்று நடந்தது.

காலனித் தாய்மார்களும் சீர் கொண்டுவந்தனர். நூறு நாள் வேலையில் கிடைத்த கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து, 50 எவர்சில்வர் தட்டுகள் வாங்கியிருந்தனர். பள்ளியில் குழந்தைகள் உண்ணும் தட்டுகள் நசுங்கி நெளிந்து போயிருந்ததை, அங்கே காலை உணவு சமைக்கும் தாய் ஒருத்தி பார்த்துச் சொன்னதன் விளைவு அது. ஊரில் எவருக்கும் தோன்றாத தேவை அவர்களுக்குத் தோன்றிற்று. ஏனெனில் அவர்களுடைய குழந்தைகளே அந்தத் தட்டுகளில் உண்பவர்கள்.

ஊர்வலத்தில் அவர்களைக் காணவில்லை. "நீங்கள் கோயில் பக்கம் வரவேண்டாம், நேரே பள்ளிக்கு வந்துவிடுங்கள்" என்று முன்னாளே சொல்லியனுப்பியிருந்தார்கள். வந்தார்கள். தட்டுக் கட்டை யாரோ வாங்கினார், சமையலறையின் மூலையில் வைத்தார். மேடையில் அலமாரிக்குப் பொன்னாடை, கடிகாரத்துக்குக் கைதட்டல், விசிறிக்கு வாழ்த்துரை! ஒலிபெருக்கி ஒவ்வொரு பெயராக முழங்கிற்று. காலனித் தாய்மார்களின் பெயர் மட்டும் அதன் வாயில் நுழையவில்லை.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், எங்க தட்டு எங்கே?" என்றாள்.

கல்லூரியில் கற்ற கலைப்பட்டம் விடை தரவில்லை. பயிற்சி நிலையத்தில் பயின்ற குழந்தை உளவியலும் கைகொடுக்கவில்லை. "உள்ளே இருக்குதும்மா" என்றேன். ஒன்பது வயதுக் குழந்தை என் முகத்தைப் பார்த்த பார்வையில், நான் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை என்பது எனக்கே விளங்கிற்று.

விழா முடிந்தது. வினை தொடங்கிற்று. மறுவாரம் சமையலறையில் தட்டுகள் இரண்டு அடுக்காக நின்றன. பழையவை ஓர் அடுக்கு, காலனி கொடுத்தவை மற்றோர் அடுக்கு. "அவர்கள் வாங்கிய தட்டில் எங்கள் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம்" என்று ஊர்த்தெருவிலிருந்து சேதி வந்ததாம். நெளிந்த தட்டில் உண்டாலும் உண்போமே தவிரப் புதிய தட்டைத் தொடமாட்டோம்! இதற்குப் பெயர் கௌரவமாம்!

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ஆம் ஆண்டு வந்த பிறகு, சிறு வகுப்புகளில் பொருள்களைக் கையில் கொடுத்தே கணக்குக் கற்பிக்கிறோம். புளியங்கொட்டை, சோழி, பொத்தான், குச்சி ஆகியவற்றைக் கொட்டி, இனம் பிரிக்கச் சொல்கிறோம். நிறத்தால் பிரிப்பான் ஒருவன். வடிவத்தால் பிரிப்பாள் ஒருத்தி. "எதை வைத்துப் பிரித்தாய்?" என்று கேட்போம், சொல்வார்கள். இப்போது குழந்தைகள் என்னைக் கேட்கட்டும். இரண்டு அடுக்கிலும் உள்ளவை தட்டுகளே. வட்டமும் ஒன்று, உலோகமும் ஒன்று. எதை வைத்துப் பிரித்தீர்கள், டீச்சர்? கரும்பலகையில் நான் நடத்தும் பாடம் பெரிதா, சமையலறையில் ஊர் நடத்தும் பாடம் பெரிதா?

அதனால்தான் சொல்கிறேன்: பள்ளியில் ஊர்கூடிச் செய்யும் விழா பாடத்துக்குப் புறம்பானதல்ல. அதுவே முதற்பாடம். எந்த வாயிலால் எவர் வருகிறார், எவர் நாற்காலியில் அமர்கிறார், எவர் தூணோரம் நிற்கிறார் என்பதை எழுத்தறியாக் குழந்தையும் படித்துவிடுகிறது. அந்தப் பாடத்துக்குத் தேர்வு இல்லை. ஆனால் எவரும் அதை மறப்பதில்லை!

மறுப்புரைகள் வராமல் இல்லை.

"கொடுக்கிற கையைத் தடுக்கலாமா?" என்கின்றனர். தடுத்தது யார்? 50 தட்டுகளை ஏந்தி வந்த கைகளைத் தடுத்தது நானா, நீங்களா? கொடை என்றால் எல்லாக் கையும் கொடைதானே? ஒரு கைக்குப் பொன்னாடை, மறு கைக்குப் பின்வாசலா?

"சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்கின்றனர். தெரியாவிட்டால் அந்தச் சிறுமி ஏன் கேட்டாள்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மேல்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அவ்வழக்கில் பிடிபட்டவர்கள் உடன் படித்த மாணவர்கள்! நாடு நடுங்கிற்று. நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் மாணவர் கைகளில் கூடாது என்றது அது. சரியான சொல். ஆனால் பதினேழு வயதில் கயிற்றைக் கட்டும் கை, ஏழு வயதில் எந்த அடுக்கிலிருந்து தட்டை எடுத்தது என்று நாம் கேட்டோமா? கயிறு பிறகு வந்தது. தட்டு முன்னே வந்தது!

"பாடத்தை நடத்து. ஊர் விவகாரம் உனக்கெதற்கு?" என்கின்றனர். நன்று. பாடநூலைத் திறக்கிறேன். தீண்டாமை பெருங்குற்றம் என்று முன்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. முதற்பக்கத்தைக் கிழித்துவிட்டா மற்றப் பக்கங்களை நடத்துவது?

ஊரின் ஒத்துழைப்பே வேண்டாம் என்பவள் அல்ல நான். இந்த நாட்டுத் தொடக்கக் கல்வியின் வரலாறே மக்கள் கைகொடுத்த வரலாறு. 1920-ஆம் ஆண்டு, பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு தொடங்கிற்று. குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது, ஊர்தோறும் மக்கள் நன்கொடையே உலையேற்றிற்று. நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராயிருந்தபோது, 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நிலமும் பலகையும் பாயும் பானையும் குவிந்தன. இன்றைய கல்விச் சீருக்கு அந்த மாநாடுகளே முன்னோடி. 1982-இல் சத்துணவு வந்தது. 2022-இல் காலை உணவு வந்தது. 2023-இல் அது அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது. நூறாண்டு முயற்சி! அதன் நோக்கம் வயிறு நிறைவது மட்டுமா? ஒரே உலையில் வெந்ததை, ஒரே வரிசையில் அமர்ந்து, ஒன்றாய் உண்பது. அதுவன்றோ நோக்கம்?

இன்னொரு வரலாறும் உண்டு. 1920-களில் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் குருகுலம் நடத்தினார். தமிழ் மக்கள் பணம் கொடுத்தனர். அங்கே பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு! இருவர்தான்! அதைக் கேட்டுத் தமிழகம் கொதித்தது. பெரியார் எதிர்த்தார், வரதராசுலு நாயுடு எதிர்த்தார். எங்கள் பணம் வேண்டும், எங்கள் பந்தி வேண்டாமா என்று நாடே கேட்டது. அந்தக் கனலில் பழைய கோட்டைகள் பல கருகின.

அந்த வரலாற்றைச் சொல்லி மார்தட்டுகிறோம். தட்டலாம். ஆனால் ஒரு கேள்வி. அன்று பந்தியில் ஒதுக்கப்பட்டவரின் பேரன்மாரன்றோ இன்று தட்டை ஒதுக்குகிறோம்? அன்று பாட்டன் கேட்ட கேள்வியை இன்று காலனிச் சிறுமி நம்மை நோக்கிக் கேட்கிறாள். எங்கள் பணம் வேண்டும், எங்கள் தட்டு வேண்டாமா? மேலே இருப்பவன் மிதித்தால் வலிக்கிறது என்று அலறிய நாம், கீழே இருப்பவன் மீது கால் வைத்தால் மட்டும் அது மரபாகிவிடுமா? மேல்நோக்கிக் கேட்டது சமத்துவம் என்றால், கீழ்நோக்கிக் கொடுக்க மறுப்பதற்கு என்ன பெயர்? 2023-இல், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் சமைத்த காலை உணவை உண்ணக்கூடாது என்று பிள்ளைகளைத் தடுத்த ஊர்களுக்கு அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் விரைந்தனர். உடனமர்ந்து உண்டு காட்ட வேண்டியிருந்தது. அன்றொரு நாள் அவர்கள் வந்தார்கள். மறுநாள் அங்கே உட்கார வேண்டியவர் யார்? ஆசிரியரன்றோ?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்கிறது, பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது, நலிந்தோரின் பெற்றோருக்கு உரிய பங்கு வேண்டும் என்கிறது. எங்கள் பள்ளியிலும் குழு உண்டு. தலைவி காலனியைச் சேர்ந்த தாய். ஆனால் சீர் விழாவில் அவர் நின்ற இடம் தூணோரம்! நாற்காலியில் வீற்றிருந்தவர் ஊர்ப் பெரியவர். அவர் பேரப் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் படிக்கின்றனரா? இல்லை. காலையில் மஞ்சள் வண்டி வந்து அவர்களை ஆங்கிலப் பள்ளிக்கு அள்ளிச் செல்கிறது. பிள்ளையை அனுப்பாதவருக்கு மேடை, பிள்ளையை அனுப்பியவருக்குத் தூண்! சட்டம் தலைவி என்றது. ஊர் தள்ளி நில் என்றது.

ஆகவே, அடுத்த குழுக் கூட்டத்தில் பேசினேன். தலைமையாசிரியர் நல்லவர். "ஏம்மா, ஊரைப் பகைச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் நடத்த முடியுமா? பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சா ஓராசிரியர் பள்ளியாப் போயிடுமேம்மா" என்றார். அவர் அச்சம் பொய்யல்ல. ஆனாலும் தலைவியைத் தலைமை நாற்காலியில் அமரச் சொன்னேன். இருமுறை மறுத்தார், மூன்றாம் முறை அமர்ந்தார். அமர்ந்ததும் அவர் சொன்ன முதற்சொல்: "தட்டை எல்லாம் ஒண்ணாப் போடுங்க."

மறுநாள் இரண்டு அடுக்கும் ஒன்றாயின. பிள்ளைகளுடன் அமர்ந்து, கைக்குக் கிடைத்த தட்டில் நானும் உண்டேன். வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொள்வதாக மூன்று குடும்பங்கள் மிரட்டின. ஒரு குடும்பம் மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றேவிட்டது. நன்றாய் வாசிக்கும் பையன். அவன் போனது எனக்கு வலிக்கிறது. 47 இப்போது 46. ஆனால் அந்த 46 குழந்தைகளுக்கும் தட்டு ஒரே அடுக்கில் இருக்கிறது.

கல்விச் சீர் நடத்தும் ஊர்களுக்கும், அதை ஏற்கும் ஆசிரியத் தோழர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் நான்கு. ஊர்வலம் எல்லாத் தெருவிலும் நடக்கட்டும், காலனித் தெருவில் தொடங்கினால் இன்னும் நன்று. கொடையில் பெயர் வேண்டாம், படித்தால் வேண்டுமானால் எல்லார் பெயரையும் படியுங்கள். மேலாண்மைக் குழுத் தலைவி தலைமை நாற்காலியில் அமரட்டும். ஆசிரியர் நாள்தோறும் பிள்ளைகளோடு, பிள்ளைகளின் தட்டில் உண்ணட்டும். இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. துணிவு மட்டுமே செலவு! இது முடியாது என்னும் ஊர், சீர் கொண்டுவர வேண்டாம். வெறுங்கையோடு இருக்கும் பள்ளியைக் குழந்தை மன்னிக்கும், ஓரவஞ்சனை செய்யும் பள்ளியை மன்னிக்காது.

ஊர் பள்ளிக்கு வரட்டும், வரவேற்போம். ஆனால் பள்ளி ஊரைப்போல் ஆவதற்காக அல்ல, ஊர் பள்ளியைப்போல் ஆவதற்காக! அடுத்த ஆண்டுச் சீரில் அந்தச் சிறுமி ஐந்தாம் வகுப்பில் இருப்பாள். தட்டு எங்கே என்று அவள் மறுமுறையும் கேட்க நேர்ந்தால், தோழர்களே, குற்றவாளி ஊர் மட்டுமல்ல. கரும்பலகையின் முன் நிற்கும் நாமும்தான்!