நாயைப் பிடித்திருப்பது யார்?

வெறிநோய்த் தடுப்பூசி முகாமில் ஊசி போடுவது சில விநாடி வேலை. நாயைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. மரக்காணம் வட்டாரத்தில் கால்நடை ஆய்வாளராக இருந்த காலத்தில், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டி முகாம் நடக்கும்போதெல்லாம், நாயைப் பார்ப்பதற்கு முன் அதைப் பிடித்திருக்கும் கையைத்தான் பார்ப்பேன்.

உப்பளத்துக்காரர்கள் விடியுமுன்னே பாத்திக்குப் போய்விடுவார்கள். நாயும் பின்னாலேயே போகும். உப்பு வாரி முடியும்வரை வரப்பின்மேல் படுத்திருக்கும். ஆள் அடுத்த பாத்திக்கு நகர்ந்தால் அதுவும் எழுந்து நகரும். அப்படி ஒரு நாயை வளர்த்த பெரியவர் அதிகம் பேசமாட்டார். முகாமில் அதன் கழுத்தைத் தன் தொடையோடு அணைத்துக்கொண்டு "ஒண்ணுமில்லடா" என்பார். ஊசி ஏறியதே அதற்குத் தெரியாது. மழைக்காலத்தில் உப்பளம் நின்று, கையில் காசு புழங்காத மாதங்களிலும் அந்த நாயின் விலா எலும்பு தெரிந்ததில்லை. அவருடைய பங்காளி ஒருவர் அதே தெருவில் இருந்தார். பிள்ளைகளையும் மாட்டையும் ஒரே குரலில் அதட்டுகிறவர். அவர் கையை ஓங்குமுன்பே அவருடைய நாய் தரையோடு ஒட்டிக்கொண்டு சிறுநீர் விட்டுவிடும். இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த நாட்டுநாய்க் குட்டிகள்.

உப்பு வணிகர்களின் வண்டியோடு வந்த மந்தி, அவர்கள் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடிய காட்சி சிறுபாணாற்றுப்படையில் வருகிறது. பிள்ளைகளோடு வளர்ந்ததால் அதுவும் ஒரு பிள்ளையாகவே ஆகிவிட்டது என்றுதான் அதைப் படித்தபோது நினைத்தேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பண்ணை வீடுகளின் கதை வேறு. விலை கொடுத்து வாங்கியவர் சென்னையில் இருப்பார், சனி ஞாயிறுகளில் வருவார். ஒருமுறை அப்படி வந்தவர், தன் ராட்வைலர் இன நாயின் சங்கிலியைத் தானே வாங்கிப் பிடித்தார். நாய் உறுமியது. காவல்காரரின் மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து "வாடா தம்பி" என்றதும் அவர் காலடியில் போய் உட்கார்ந்தது. "மோசமான நாயா வித்துட்டாங்க சார்" என்று அந்த முதலாளி என்னிடம் குறைபட்டுக்கொண்டார். பொறுமையற்ற மனிதர், மிரட்டும் நாய் வேண்டும் என்று கேட்டு வாங்கி, வாரம் முழுக்கக் கட்டியே போட்டிருந்தார். அவர் கேட்டதைத்தான் அது அவருக்கே காட்டியது.

சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக 58 நாய்களின் முடியையும் வளர்ப்பவர்களின் தலைமுடியையும் எடுத்து, மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசாலை அளந்தார்கள். வளர்ப்பவருக்கு அது கூடியிருந்தால் நாய்க்கும் கூடியிருந்தது. நாயின் சொந்தக் குணத்தைவிட வளர்ப்பவரின் குணம்தான் அந்த அளவோடு அதிகம் பொருந்தியது.

நம் அரசோ இன்னும் இனத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் 23 நாய் இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்தச் செய்தி வந்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சில இனங்களின் கடி எலும்புவரை போகும் என்பதை மறுக்கமாட்டேன். அவற்றுக்குக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் ராட்வைலரைத் தடுத்தால், மிரட்டும் நாய் தேடுகிற அதே மனிதர் வேறொன்றை வாங்கிக் கட்டிப்போடுவார்.

நாய்க்கு உரிமம் தரும்போது தடுப்பூசிச் சான்றோடு இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கட்டும். பகலில் அதோடு யார் இருப்பார்கள்? சொன்னபடி கேட்காதபோது என்ன செய்வீர்கள்? கடற்கரையோர ஊராட்சிகளிலும் இந்த உரிமம் வேண்டும். அதில் பண்ணை வீட்டு நாயை உண்மையில் பார்த்துக்கொள்ளும் காவல்காரரின் பெயர் இருக்க வேண்டும். கடித்தால் பொறுப்பு முதலாளிக்கே என்றும் எழுத வேண்டும். தடுப்பூசி முகாமுக்கு வருகிறவர்களிடம் கால்நடை மருத்துவர் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்து பேசும்படி கூடுதல் ஆள் போட வேண்டும். அந்த உப்பளத்துப் பெரியவரின் பங்காளி போன்றவர்களிடம் அடிக்காமல் பழக்குவது எப்படி என்று சொல்ல, அன்று எனக்கு நேரமே இருந்ததில்லை. பின்னால் வரிசை நின்றது.