தன் நோவைத் தானே சொல்ல ஒரு மொழி

“வெளிநாட்டுக்குப் போனால் அந்த நாட்டுப் பாஷை தானாக வந்துவிடும்” என்று நம் ஊரில் பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிரான்ஸில் இருக்கும் என் சாச்சி பிரெஞ்சு படிப்பதை ஒரு வருடமாகப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. நான் பார்த்தது மாத்தளையில் இருந்துகொண்டுதான். சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு உம்மாவின் கைபேசியில் சாச்சியின் அழைப்பு வரும். குளிர்காலத்தில் அங்கே அப்போது மாலை ஐந்து மணி. சலாம் சொல்லிச் சுகம் விசாரித்து முடிந்ததும், “மகள், கொப்பிய எடுங்க” என்பார்.

சாச்சி உக்குவளையில் பிறந்தவர். கலியாணம் முடித்து, பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள லா கூர்நவ் என்ற நகரத்துக்குப் போய்ப் பதினொரு வருடமாகிறது. அந்தப் பகுதியில் தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர். பாரிஸில் லா ஷப்பல் பக்கம் போனால் தெரு நெடுகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். கறிவேப்பிலை முதல் கருவாடு வரை தமிழிலேயே கேட்டு வாங்கலாம். அலுவலக வேலைகளைச் சாச்சா பார்த்துக்கொள்வார். இப்படிப் பதினொரு வருடம் ஓடிவிட்டது. சாச்சியிடம் இருந்த பிரெஞ்சு பாண் வாங்கப் போதும், அதற்கு மேல் போகாது.

போன வருடம் சாச்சிக்குச் சுகமில்லாமல் போனது. சாச்சா வேலையில். ஒன்பது வயது மகனைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனார். மகன்தான் மொழிபெயர்ப்பாளர். டொக்டர் கேட்டவை ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்விகள். அதைப் பிள்ளையால் தமிழில் சொல்ல முடியவில்லை. சாச்சியால் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவும் முடியவில்லை. “வயிறு நோகுது என்று மட்டும் சொல்லுங்க மகன்” என்று சொல்லிவிட்டு, வயிற்று வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதை உம்மாவிடம் சொல்லி அழுத அன்றுதான், வகுப்பில் சேரப் போவதாகவும் சொன்னார்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஐரோப்பாவில் மொழியறிவை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் உள்ள பி1, பி2 இரண்டும் இடைநிலை. 2024 ஜனவரியில் பிரான்ஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பத்து வருட வதிவிட அட்டையை முதல் தடவை கேட்பவர்கள் பொதுவாக பி1 படியை எட்டியிருக்க வேண்டும். அதற்கு முன் ஏ2 போதுமாக இருந்தது. பிரஜாவுரிமைக்கு இப்போது பி2. ஆகவே, வீட்டுக்குள் இருந்த பெண்களும் கொப்பியும் பேனையுமாக மாலை வகுப்புக்குப் போகிறார்கள்.

அந்த வகுப்பின் இலக்கணம்தான் சனிக்கிழமைகளில் எனக்கு வருகிறது. நான் உயர்தரத்தில் தமிழ் படிப்பதால், “நம்மட பாஷையில இதுக்கு என்ன?” என்று சாச்சி கேட்பார். பிரெஞ்சில் இறந்தகாலத்துக்கு இரண்டு முக்கிய வடிவங்கள் உண்டு. ஒன்று, நடந்து முடிந்த காரியத்துக்கு. மற்றது, அப்போது தொடர்ந்துகொண்டிருந்த நிலைக்கு. “எனக்கு நொந்தது” என்றால் “ஜே யூ மால்”. “நொந்துகொண்டிருந்தது” என்றால் “ஜாவே மால்”. இதைத் தமிழில் எழுதிக் காட்டியதும் சாச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அன்றைக்கு டொக்டருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது இந்த ரெண்டாவதைத்தான்” என்றார்.

இலக்கணம் பரீட்சைக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஒரு தடவை வந்த நோவா, நாள்கணக்கில் இருந்த நோவா என்பதை ஒரு வினைச்சொல்லின் முடிவு சொல்லிவிடுகிறது. “போகிறேன்” என்பதற்கு “ஜெ வே” என்பார்கள். “போக வேண்டும்” என்று சொல்ல வந்தால் அந்த வினையே “ஜாய்” என்று உருமாறிவிடுகிறது. சாச்சி இதைக் கண்டு பயந்தார். “போகிறேன் என்பது போக என்று மாறித்தானே நம் மொழியிலும் வேண்டும் என்பதோடு சேருகிறது” என்றேன். சிரித்துவிட்டார். தமிழை ஒழுங்காகப் படித்தால் வேறொரு மொழிக்கும் அது ஏணியாகிறது என்பதை நானும் அன்றுதான் கண்டுகொண்டேன்.

ஆனால் இலக்கணம் மட்டும் போதாது. “எனக்குத் தெரியாது” என்பதைப் புத்தகத்தில் “ஜெ நெ ஸே பா” என்று எழுதியிருக்கும். தெருவில் அது “ஷேபா” என்று ஒரே மூச்சில் போய்விடும். “இருக்கிறது” என்று எழுதிவிட்டு “ஈக்கி” என்று கதைக்கும் நமக்கு இது புதிதல்ல. எழுத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருக்கும் மொழியை வாய் திறக்காமல் படிக்க முடியாது. பி1 படிக்கான டெல்ஃப் பரீட்சையும் இதைத்தான் சொல்கிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. சித்தியடைய மொத்தம் 50 வேண்டும். ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக் கூடாது. எழுத்தில் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், வாய்மொழியில் ஊமையாக உட்கார்ந்தால் சித்தி இல்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண தரத்தில் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு எனக்கு ‘ஏ’ சித்தி. ஒரு நாள் கண்டியிலிருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் வரும்போது, பக்கத்தில் இருந்த வயதான சிங்களப் பெண், அலவத்துகொடை வந்ததும் சொல்லும்படி கேட்டார். தலையாட்டினேன். அலவத்துகொடை வந்தது. வசனத்தை மனதுக்குள் கட்டினேன், வினை முடிவு சரியா என்று யோசித்தேன், திருத்தினேன். நான் திருத்தி முடிப்பதற்குள் பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டிவிட்டது. அவர் அவசரமாக எழும்பி இறங்கி, வந்த வழியே மழையில் திரும்பி நடந்தார். என் ‘ஏ’ சித்தியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. பிழையாகச் சொல்லியிருந்தாலும் அவர் நனைந்திருக்க மாட்டார்.

சாச்சி பதினொரு வருடம் தங்கி நின்றதற்கும் நான் பஸ்ஸில் வாயடைத்து நின்றதற்கும் காரணம் ஒன்றுதான். பிழை விட்டால் சிரிப்பார்கள் என்ற பயம். இடைநிலையில் வந்து நின்றுவிடுகிறவர்களில் பலர் அறிவு குறைந்து நிற்பதில்லை, இந்தப் பயத்தில் நிற்கிறார்கள்.

“பெண்பிள்ளை வெளியில் போய் ஏன் கதைக்க வேண்டும்? வெட்கம் நமக்கு அழகு” என்று சில பெரியவர்கள் சொல்லலாம். அவர்களை மதித்தே பதில் சொல்கிறேன். அந்த வெட்கத்தைக் காப்பாற்றுவதற்கே மொழி வேண்டும். தன் உடம்பின் அந்தரங்கத்தைத் தன் சிறு மகனின் வாயால் சொல்ல நேர்ந்ததைவிட ஒரு தாய்க்கு வெட்கக்கேடு என்ன இருக்கிறது? தனக்குத் தெரிந்த மொழியில் ஒரு பெண் டொக்டரிடம் தானே தனியாகப் பேசியிருந்தால் அந்தத் திரை கிழிந்திருக்காது.

மொழி படிப்பது நம் மார்க்கத்துக்கும் அந்நியமானதல்ல. ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஸைத் இப்னு தாபித் (ரழி) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்றார்கள் என்று ஹதீஸில் படித்திருக்கிறோம். 1908இல் ஹைதராபாத்தில் பிறந்த கலாநிதி முஹம்மத் ஹமீதுல்லாஹ் பாரிஸில் பல காலம் வாழ்ந்து, 1959இல் அல்குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். பிரெஞ்சு அவருடைய தாய்மொழி அல்ல. அவரும் ஒரு நாள் முதல் பாடத்தில்தான் தொடங்கியிருப்பார்.

பெற்றோர்களே, மகளை வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுக்கும்போது நகை எத்தனை பவுண் என்று கணக்குப் பார்க்கிறீர்கள். அந்த நாட்டு மொழியில் அவளுக்கு எத்தனை வசனம் தெரியும் என்றும் ஒரு தடவை கேளுங்கள். பிரெஞ்சு படிக்கப் பாரிஸுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கண்டியிலேயே அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. போன பிறகு படிக்கலாம் என்று விட்டால், அடுப்பும் பிள்ளையும் முந்திக்கொள்ளும். சாச்சிக்குப் பதினொரு வருடம் அப்படித்தான் போனது.

தோழிகளே, நாம் எல்லோரும் வெளிநாடு போகப் போவதில்லை. ஆனால் நம் வீட்டு வாசலைத் தாண்டினாலே இன்னொரு மொழி இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் பஸ்ஸிலும் தபாற்கந்தோரிலும் பிழையோடாவது கதைப்போம். வகுப்பில் ஒருத்தி பிழையாகச் சொன்னால் சிரிக்காமல் இருப்போம். சிரிக்காமல் இருப்பதுகூட ஒரு பெண்ணுக்கு மொழி சொல்லிக் கொடுப்பதுதான்.

சாச்சி போன மாதம் மறுபடியும் டொக்டரிடம் போனார். மகன் பாடசாலையில் இருந்தான். இரண்டு வினைச்சொல் பிழையாகிவிட்டதாம். ஆனாலும் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டு வந்தார்.